கழிவுநீர்க் கடனும் கிருமிகளின் தவணையும்

நெசவும் வேளாண்மையும் அண்டை வீட்டுத் தொழில்களாக விளங்கும் ஊர்களில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. கஞ்சி நீரும் சாய நீரும் எங்கே போவது என்பதே அது. "ஒரு வாரம் குழியில் கிடந்தால் தானே தெளிந்துவிடும்" என்பார் பட்டறைக்காரர். "தெளிந்ததோ இல்லையோ, என் கிணற்றுக்கு வந்துவிடும்" என்பார் விவசாயி. இருவரும் நம் அங்கத்தினரே. இருவர் சொல்லிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயினும் இருவர் கையிலும் கணக்கு இல்லை. கணக்கின்றிச் சங்கம் ஒரு ரூபாய் கடன் கொடுப்பதில்லை. அவ்வாறிருக்க, கணக்கின்றிக் கழிவுநீரை மட்டும் வெளியே விடுவது எவ்வாறு பொருந்தும்?

அழுக்கு நீரை அளப்பதற்கும், அது எத்தனை நாளில் எவ்வளவு தூய்மையாகும் என்று முன்கூட்டியே கணிப்பதற்கும் முறைகள் உள்ளன. அவை ஆய்வுக்கூடத்தாருக்கு மட்டுமே உரியவை என்று எண்ண வேண்டியதில்லை. குறைந்து வரும் நிலுவைக்கு வட்டி போடத் தெரிந்த எவரும் அவற்றை அறிந்துகொள்ளலாம்.

கிருமிகள் செய்யும் வேலை

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில் (அங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டில் நடந்தது) சிப்பிகளைக் குவித்துச் சில நாட்கள் அழுகவிட்டு, பின்னர்க் கழுவி முத்தெடுப்பது வழக்கம். அந்நாட்களில் சதை முழுவதும் கரைந்து போகும். ஓடும் முத்தும் அப்படியே நிற்கும். சதையைக் கரைப்பதில் ஈக்களின் புழுக்களோடு கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. உயிர்ப்பொருளில் அடங்கிய கரி அவற்றின் உணவு. சிப்பி ஓட்டிலும் கரி உண்டு. ஆனால் அது சுண்ணாம்போடு இணைந்து கனிப்பொருளாகிவிட்ட கரியாதலின் அவற்றுக்கு இரையாவதில்லை.

கழிவுநீரிலும் இதுவே நடைபெறுகிறது. கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, பருத்தியிலிருந்து கழன்ற மெழுகு, வீட்டுச் சாக்கடையின் அழுக்கு ஆகிய எல்லாவற்றிலும் கிருமிகள் உண்ணத்தக்க கரி இருக்கிறது. உண்ணும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உட்கொண்டு, கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. உணவின் ஒரு பகுதி இவ்வாறு எரிந்துபோகிறது. மற்றொரு பகுதி கிருமிகளின் உடலாகிப் பெருகுகிறது.

இதில் இடர்ப்பாடு பிராணவாயுவைப் பற்றியதே. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல நீரில் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயு மட்டுமே கரைந்திருக்கும். பாவுக்குப் போடும் கஞ்சியில் உள்ள மாவுச்சத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ மாவுச்சத்து முற்றிலும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுவதற்கு ஏறத்தாழ 1.18 கிலோ பிராணவாயு வேண்டும். இது சுமார் 1,48,000 லிட்டர் நீரில் கரைந்துள்ள பிராணவாயு முழுவதற்கும் சமம். ஒரு கிலோ மாவைக் குளத்தில் கொட்டினால், அது மேலும் காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கிக்கொள்ளாவிடின், ஒன்றரை லட்சம் லிட்டர் நீர் மூச்சடைத்துப் போகும். மீன் மிதப்பதும், நீர் கறுப்பதும், அழுகிய முட்டையின் நாற்றம் எழுவதும் இக்காரணத்தாலேயே. கஞ்சி நஞ்சன்று, ஆயினும் அளவுக்கு மீறிய உணவு நீருக்கு நஞ்சாகிறது.

கடனை அளத்தல்

ஆகவே, அழுக்கு நீரைப் பிராணவாயுக் கடன்பட்ட நீர் என்று கருதலாம். கிருமிகள் அதனைத் தூய்மை செய்வதற்கு எவ்வளவு பிராணவாயு தேவையோ அதுவே கடன் தொகை. இதனை உயிரியல் பிராணவாயுத் தேவை என்றும், சுருக்கமாகப் பி.ஓ.டி. என்றும் கூறுவர்.

இங்கிலாந்தில் 1898-ம் ஆண்டில் நியமிக்கப்பட்ட சாக்கடைக் கழிவு பற்றிய அரசக் குழு, 1912-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இவ்வளவைக் கொண்டு விதி வகுத்தது. ஐந்து நாட்கள் புட்டியில் வைத்துச் சோதிப்பது அதன் முறை. நம் நாட்டு வெப்பத்தில் கிருமிகள் இன்னும் விரைந்து வேலை செய்கின்றன. புளித்த மாவு மார்கழியைவிடச் சித்திரையில் விரைவாகப் பொங்குவதை யாவரும் அறிவோம். ஆதலால் இந்தியத் தர முறையில் 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாட்கள் வைத்துச் சோதிக்கின்றனர்.

சோதனை எளியது. கழிவுநீரைப் பிராணவாயு நிறைந்த தூய நீரில் கலந்து, காற்றுப் புகாத புட்டியில் அடைத்து இருட்டில் வைக்க வேண்டும். முதல் நாள் இருந்த பிராணவாயுவையும் மூன்றாம் நாள் முடிவில் எஞ்சியதையும் அளந்தால் செலவான தொகை தெரியும். உதாரணமாக, 300 மில்லிலிட்டர் புட்டியில் 5 மில்லிலிட்டர் கழிவுநீர் சேர்க்கப்பட்டது என்று கொள்வோம். அது 60 மடங்கு நீர்த்திருக்கிறது. தொடக்கத்தில் பிராணவாயு லிட்டருக்கு 7.8 மில்லிகிராம், மூன்று நாளில் 3.8. செலவு 4.0. இதனை 60-ஆல் பெருக்க, பி.ஓ.டி. லிட்டருக்கு 240 மில்லிகிராம் ஆகிறது. கழிவுநீரை நீர்க்காமல் அடைத்தால் புட்டியிலுள்ள பிராணவாயு சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். அப்போது கடன் எவ்வளவு என்பது தெரியாமலே போகும்.

தவணையை அறிதல்

240 என்பது மூன்று நாளில் வசூலான தொகையே, முழுக் கடனன்று. முழுக் கடனை அறிய வேண்டுமாயின், கிருமிகள் எந்த வேகத்தில் அடைக்கின்றன என்பது தெரிய வேண்டும்.

கிருமிகள் சமத் தவணையில் அடைப்பதில்லை. நிலுவையில் ஒரு பங்கை நாள்தோறும் அடைக்கின்றன. நாளொன்றுக்கு நிலுவையில் கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் கடன் முதல் நாள் முடிவில் 75, இரண்டாம் நாள் 56, மூன்றாம் நாள் 42 எனக் குறையும். அதாவது மூன்று நாளில் நூற்றுக்கு 58 அடைபடுகிறது. அந்த 58 பங்கே மேற்சொன்ன 240 ஆயின், முழுக் கடன் சுமார் 415 ஆகும்.

வேறொரு கழிவுநீரில் கிருமிகள் நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கே தின்கின்றன என்று கொள்வோம். அதிலும் மூன்று நாள் சோதனை 240 என்று காட்டலாம். ஆனால் மூன்று நாளில் அடைபட்டது நூற்றுக்கு 27 மட்டுமே. எனவே முழுக் கடன் 885-க்கு மேல் போகிறது. இரு நீருக்கும் சோதனைச் சீட்டில் ஒரே எண். உண்மையில் ஒன்றின் கடன் மற்றதைப் போல் இரு மடங்குக்கு மேல். ஒரே புட்டியை நம்புவோர் ஏமாறுவது இங்கேதான். ஐந்தாறு புட்டிகளை ஒரே நாளில் அடைத்து, நாளுக்கு ஒன்றாகத் திறந்து அளந்தால் கடனும் வேகமும் ஒருங்கே விளங்கும். ஆய்வுக்கூடத்தில் இதனைக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் உரிமை.

குழியின் அளவு

இக்கணக்கின் பயன் குழி வெட்டும்போது தெரியும். நாள்தோறும் 10,000 லிட்டர் கழிவுநீர் வருகிறது, பி.ஓ.டி. 240, இதனை 30 ஆகக் குறைக்க வேண்டும், வேகம் நாளொன்றுக்குக் கால் பங்கு என்று கொள்வோம். ஒரு நாள் நீரைத் தனியே ஒரு குழியில் தேக்கி வைத்தால் எட்டு நாளில் காரியம் முடியும். ஆனால் வழக்கத்தில் ஒரே குழியில் ஒருபுறம் புது நீர் வந்து விழ, மறுபுறம் பழைய நீர் வெளியேறிக்கொண்டிருக்கும். அப்போது எட்டு நாள் கொள்ளளவு போதுமா?

போதாது. வெளியேறும் நீரில் 30 இருக்க வேண்டுமெனில், நன்கு கலந்த குழி முழுவதிலும் 30 தான் இருக்கும். கிருமிகள் நிலுவைக்கு ஏற்பவே உண்பவை. நொடிதோறும் இடையறாது நடக்கும் கணக்கில் கால் பங்கு என்பது 0.29 என வரும், 30-இல் 0.29 பங்கு, நாளொன்றுக்கு 8.7 மட்டுமே. குறைக்க வேண்டியதோ 210. ஆகவே நீர் 24 நாள் தங்க வேண்டும். குழியின் கொள்ளளவு 2,40,000 லிட்டர்.

அக்குழியையே மூன்று குழிகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் செல்லுமாறு அமைத்தால் என்ன ஆகும்? முதலாவது 240-ஐ 120 ஆக்கும்; இரண்டாவது 60 ஆக்கும்; மூன்றாவது 30 ஆக்கும். ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் போதும். மொத்தம் பத்தரை நாள். கொள்ளளவு 1,05,000 லிட்டர். இரண்டு வரப்புகள் குழியின் அளவைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடுகின்றன. முதற்குழியில் உணவு செறிந்து நிற்பதால் கிருமிகள் அங்கே நிறைய உண்கின்றன என்பதே காரணம். வரப்பு போடாமல் பெருங்குழி வெட்டும் செலவைச் சங்கம் ஏன் ஏற்க வேண்டும்?

இக்கணக்கு செம்மையாக நடப்பதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. பிராணவாயு தடையின்றிக் கிடைக்க வேண்டும். காரமும் வெளுப்புத் தூளும் மிகுந்த நீரை முதலில் சமன்படுத்த வேண்டும். இல்லையேல் கிருமிகள் மடியும். மூன்றாவது, உரச்சத்து. பி.ஓ.டி. நூறு பங்குக்குத் தழைச்சத்து ஐந்து பங்கும் மணிச்சத்து ஒரு பங்கும் வேண்டும் என்பது பொது விதி. கஞ்சி நீரில் மாவு உண்டு, தழைச்சத்து அரிது. பயிருக்கு யூரியா இடுவதுபோல் இதற்கும் இட வேண்டியிருக்கும்.

தறியும் நூலும்

குழியில் பல நாள் ஆகும் வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கும் வழியும் உண்டு. 1914-ம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரில் காற்றை ஊதி, அடியில் படிந்த கிருமிச் சேற்றை எறிந்துவிடாமல் மீண்டும் தொட்டியிலேயே சேர்த்துப் பார்த்தனர். வேலையாட்கள் பெருகப் பெருக வேலை விரைந்து முடிந்தது. இம்முறையின் பிறப்பில் தொடர்புடைய கில்பர்ட் ஃபௌலர் 1916-ம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கிருமிகளின் பெருக்கத்துக்குக் கணக்கு வகுத்தவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ஜாக் மோனோ. அவர் 1942-ம் ஆண்டிலும் 1949-ம் ஆண்டிலும் வெளியிட்ட ஆராய்ச்சிகளின் கருத்தை நெசவாளர் எளிதில் விளங்கிக்கொள்வர். சங்கத்தில் இருபது தறிகள் உள்ளன என்போம். நூல் குறைவாக வந்தால் உற்பத்தி நூலின் அளவைப் பொறுத்தது. நூலை இரட்டித்தால் துணியும் இரட்டிக்கும். நூல் மலைபோல் குவிந்துவிட்டாலோ, உற்பத்தி தறிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது; மேலும் நூல் வந்து பயனில்லை. கிருமிகளே தறிகள், கரியே நூல். பாதி உற்பத்திக்குப் போதிய நூல் எவ்வளவு என்ற ஓர் எண்ணும், முழு வேகம் எவ்வளவு என்ற மற்றோர் எண்ணும் தெரிந்தால் தொட்டியின் போக்கைக் காகிதத்தில் எழுதிவிடலாம். முன்னர்ச் சொன்ன குறைந்து வரும் நிலுவைக் கணக்கு, நூல் குறைவாக உள்ள நிலைக்கே பொருந்துவது என்பதும் இதனால் விளங்கும். 1987-ம் ஆண்டில் பல நாட்டு அறிஞர் கூடி வெளியிட்ட கிருமிச் சேற்றுத் தொட்டிக்கான கணித மாதிரியும் மோனோவின் கணக்கை அடிப்படையாகக் கொண்டதே.

இதில் மறைந்துள்ள செலவு ஒன்றுண்டு. தின்ற கரியில் ஏறத்தாழப் பாதி கிருமியின் உடலாகிச் சேறாக நிற்கும். அச்சேற்றை உலர்த்தி அப்புறப்படுத்தவும், இரவும் பகலும் காற்று ஊதும் மின்சாரத்துக்கும் பணம் வேண்டும். திட்ட மதிப்பீட்டில் தொட்டியின் விலையை மட்டும் எழுதுவது முழுக் கணக்காகாது.

வைப்பாற்றின் நிலை

"ஆறே தூய்மை செய்துவிடாதா?" என்று கேட்போரும் உளர். அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-ம் ஆண்டில் இதற்கு விடை எழுதினர். கிருமிகள் பிராணவாயுவைச் செலவிடுகின்றன; ஓடும் நீர் காற்றிலிருந்து வரவு வைக்கிறது. சாக்கடை சேர்ந்த இடத்துக்குக் கீழே சில மைல் வரை செலவு மிஞ்சி, பின்னர் வரவு மிஞ்சி ஆறு மீளுகிறது. ஆனால் வரவு வருவதற்கு ஆற்றில் நீர் வேண்டும். 1912-ம் ஆண்டில் இங்கிலாந்துக் குழு விதித்த 20 என்ற அளவும், கழிவுநீரைப் போல் எட்டு மடங்கு நல்ல நீர் ஆற்றில் ஓடும் என்ற எண்ணத்தில் எழுந்ததே.

விளாத்திகுளத்தை ஒட்டிச் செல்லும் வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. வடகிழக்குப் பருவ மழையின்போது மட்டும் நீர் பெருகி மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. எட்டு மடங்கு நீர் இங்கே இல்லை. மணலில் விட்ட கழிவுநீர் மணலுக்குள் இறங்கி ஊற்றையும் கிணற்றையுமே சேரும். ஆகையால் ஆற்றின் கணக்கில் நாம் கடன் எழுதுவதற்கு இடமில்லை.

கிருமிகள் தின்னாதவை

கரிக் கடன் தீர்ந்தவுடன் நீர் தூயதாகிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. அமிலமும் வேதிப்பொருளும் கொண்டு இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, எரியக்கூடிய ஏறத்தாழ எல்லாவற்றையும் அளக்கும் சோதனை ஒன்றுண்டு, அதற்குச் சி.ஓ.டி. என்று பெயர். பி.ஓ.டி. அதில் பாதி அளவாவது இருந்தால் கிருமிகள் நன்கு வேலை செய்யும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தால், கிருமிகள் எளிதில் தின்னாத சாயமும் பிறவும் மிகுந்துள்ளன என்று கொள்ள வேண்டும். அத்தகைய நீரைக் கிருமிகளிடம் மட்டும் ஒப்படைக்கலாகாது.

உப்போ இவ்விரு சோதனைகளுக்கும் அகப்படுவதன்று. பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்கு நிறைய உப்பு சேர்க்கப்படுகிறது. உப்பளங்கள் நிறைந்த இக்கடற்கரையில் வாழ்வோருக்கு விளக்கவும் வேண்டுமா? வெயில் நீரைக் கொண்டுபோகும், உப்பை விட்டுச்செல்லும். லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் உப்புள்ள நீர் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் வந்தால், நாளுக்கு 50 கிலோ. 300 வேலை நாட்களில் 15 டன். அது முழுவதும் குழியிலோ கரிசல் மண்ணிலோ எங்கேனும் இருந்தே தீரும்.

நொய்யல் ஆற்றின் கதை இதற்குச் சான்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. ஆனால் கரைந்த உப்பை நீக்கும் வகை அவற்றில் அப்போது இல்லை. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-ம் ஆண்டில் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாய நீரின் தேக்கமாயிற்று. பாசன விவசாயிகளே அதன் நீர் வேண்டா என்னும் நிலை வந்தது. விவசாயிகள் சங்கமாகத் திரண்டு வழக்காடினர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்ற நிபந்தனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ம் ஆண்டு டிசம்பரில் வலியுறுத்தியது. 2009-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகளின் பக்கம் நின்றது. அதன்பின்னரும் நிபந்தனை நிறைவேறாமையால், 2011-ம் ஆண்டு ஜனவரி 28-ம் நாள் பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கிருமிகள் கரியைத் தின்ற பின்னர், நீரைச் சவ்வு வழியே அழுத்திப் பிரித்து, எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி உப்பை மீட்கும் ஏற்பாடு செய்துகொண்ட பிறகே அங்குப் பட்டறைகள் மீண்டும் இயங்கலாயின. நெசவுத் தொழிலாளர் வேலை இழந்ததும், விவசாயிகள் நிலத்தை இழந்ததும் ஒரே கணக்குப் பிழையின் இரு பக்கங்கள்.

சங்கம் செய்ய வேண்டியவை

சாயப்பட்டறையோ வெளுப்புப் பட்டறையோ அமைக்க எண்ணும் சங்கம், கடன் மனுவை எழுதுவதற்கு முன்னரே நான்கு எண்களைப் பெற வேண்டும்: பி.ஓ.டி., அது குறையும் வேகம், சி.ஓ.டி., கரைந்த உப்பு. உள்நாட்டு நீர்நிலையில் விடும் நீருக்குப் பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250, பாசன நிலத்தில் விடும் நீருக்குப் பி.ஓ.டி. 100 என்பன பொதுவான உச்ச வரம்புகள். கரைந்த உப்புக்குத் தமிழ்நாட்டில் 2,100 என்ற வரம்பு பின்பற்றப்படுகிறது. இவை யாவும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. சாயப்பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இவற்றினும் கடுமையான நிபந்தனை விதிக்கலாம். 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி வாரியத்தின் இசைவின்றிப் பட்டறை தொடங்குவதற்கே இடமில்லை.

இரண்டாவதாக, நீரைக் கலக்காமல் பிரிக்க வேண்டும். கஞ்சி நீர் கிருமிகளுக்கு நல்ல உணவு. அதனை வரப்பிட்ட குழிகளுக்கு விடலாம். உப்பு மிகுந்த சாயத் தொட்டி நீரைத் தனி வாய்க்காலில் கொண்டுபோய்த் தனியே கையாள வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கஞ்சி நீரும் பாசனத்துக்கு உதவாது போகும். மிஞ்சிய கஞ்சியை வாய்க்காலில் கொட்டாமல் மாட்டுத் தொட்டிக்கோ எருக்குழிக்கோ அனுப்புவது செலவில்லாத சுத்திகரிப்பு.

மூன்றாவதாக, மாதந்தோறும் பெறும் சோதனைச் சீட்டுகளை வரவு செலவுக் கணக்கோடு சேர்த்துப் பொதுக்குழுவின் முன் வைக்க வேண்டும். பட்டறைக்குக் கீழ்ப்புறமுள்ள கிணறுகளில் பட்டறை தொடங்குமுன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு இருமுறையும் உப்பை அளந்து பதிவேட்டில் எழுதி வர வேண்டும். தொடங்குமுன் எடுத்த அளவு இல்லாவிடில், பின்னாளில் வழக்கு வரும்போது நெசவாளர் தம் குற்றமின்மையையும் காட்ட இயலாது. விவசாயி தம் இழப்பையும் மெய்ப்பிக்க இயலாது. அந்த முதற் சோதனைக்கு ஆகும் செலவு சிறிது. அதனை வரும் கோடைக்குள் செய்துவிடுவது நலம்.